இருபது கிலோவும் அரை அங்குலமும்

என் அண்ணன் லாரிகளை எடை போடுகிறவன். இருபத்தாறு வருஷமாக அதே எடைமேடை, அதே சன்னல், அதே சின்ன அறை. நாற்காலி மட்டும் நான்கு முறை மாறியது. காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனே சொல்லிச் சிரிப்பான்.

மேடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சாலையோரம் ஒரு லாரி முழுசாக ஏறி நிற்கிற நீளத்துக்கு இரும்புத் தளம். பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை. அதற்குள் சிவப்பில் எண் காட்டும் ஒரு பெட்டி, சீட்டு அச்சடிக்கும் மிஷின், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, என் அண்ணன். காலி லாரிக்கு ஒரு எடை, சரக்கோடு திரும்பும்போது இன்னொரு எடை, கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். டிரைவர் கீழே இறங்கி நின்றால்தான் எடை போடுவான்.

"இறங்குப்பா, உன் தொப்பையை யாரும் விலைக்குக் கேக்கல" என்று சன்னல் வழியாகக் குரல் கொடுப்பான்.

"நீ முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வா, பாப்போம்" என்று கீழேயிருந்து பதில் வரும்.

அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் டன். டன் அண்ணே, சீட்டு கொடு. டன் அண்ணே, சீக்கிரம் விடு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தச் சாலையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மேடைக்கு ஒரு குணம் உண்டு. இருபது கிலோவுக்குக் குறைந்து அதற்குப் பேசத் தெரியாது. எண் ஏறினால் இருபது இருபதாக ஏறும், இறங்கினால் இருபது இருபதாக இறங்கும். ஒன்பது கிலோ வைத்தால் பூஜ்யம் என்று சாதிக்கும், பதினோரு கிலோ வைத்தால் இருபது என்று கூசாமல் சொல்லும். சண்டைக்கு வருகிற டிரைவர்களிடம் அண்ணன் இதைத்தான் பொறுமையாக விளக்குவான். "நாப்பது டன்னுல இருபது கிலோ ஒரு தூசி. இது லாரிக்குப் பண்ண மிஷின், ஆளுக்குப் பண்ணது இல்ல." இந்த வாக்கியத்தை அவன் ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது சொல்லியிருப்பான். அவன் வாயாலேயே எத்தனை முறை கேட்டேன் என்று எனக்குக் கணக்கில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடை, தொழிற்சாலைச் சட்டை, எது வந்தாலும் தைப்பேன். வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணனைவிட மூன்று வயது சின்னவள், அவனைப் போலவே உருட்டிச் செய்தவள். சின்ன வயதில் பேருந்தில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று பேர் இருக்கையில் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் வர வேண்டும். தையல் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவன் என்னைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உடம்புதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வாய்தான் காரணம் என்பது அண்ணன் கட்சி.

நாற்பத்து மூன்று வயதில் என் முழங்கால் இரண்டும் கையை விரித்துவிட்டன. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. தையல் மிஷினின் மிதியை மிதிக்க முடியவில்லை என்றால் நான் எதை வைத்துப் பிழைப்பது? நூற்றுப் பதினெட்டு கிலோவோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். எடை குறைக்க ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்களாம். மிச்சத்தை ஒரு சட்டைக் கை அளவுக்கு ஒடுக்கி மூடிவிடுவார்களாம்.

"தையல் கையாலயா, மிஷினாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மிஷின்தாம்மா. பிரியாது, பயப்படாதீங்க."

பிரியவில்லைதான். ஆனால் முதல் வாரம் நான் பட்டது விரோதிக்கும் வரக் கூடாது. இரண்டாம் நாள் அண்ணன் பார்க்க வந்தான். மூன்று ஸ்பூன் தண்ணீர் குடித்திருந்தேன். அவன் கட்டில் ஓரமாக நின்று ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அந்த மூன்று ஸ்பூனும் ரத்தக் கலரில் அவனுடைய செருப்பின் மேல் வந்து விழுந்தது. வயிற்றிலிருந்து ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், உதடெல்லாம் வெடித்து நான் கிடந்த கிடப்பைப் பார்த்து அவன் முகம் வெளுத்தது. லாரி சக்கரத்தில் சிக்கியவனைக்கூடக் கை நடுங்காமல் வெளியே இழுத்தவன் அவன். அன்றைக்குப் பிடித்த பயம் பிடித்ததுதான், பிறகு அவனுக்குத் தெளியவே இல்லை.

ஒரு வருஷத்தில் எனக்கு நாற்பத்து நான்கு கிலோ இறங்கியது. முதல் இருபது கிலோவுக்கு இடுப்பில் ஏழு அங்குலம் போனது. ஒவ்வொரு மாதமும் நானே அளந்து, என் அளவு நோட்டில் நானே எழுதி வைத்தது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. ஒரு முட்டையை அரை மணி நேரம் மென்றேன். அவசரப்பட்டால் எல்லாம் வாய் வழியே திரும்பி வந்தது. ஆனால் முழங்கால் வலி போயிற்று, சர்க்கரை மாத்திரை நின்றது. தெருவில் பெண்கள் நிறுத்தி நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது அண்ணன் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். தூங்கும்போது அவனுக்கு மூச்சு நின்று நின்று வரும். இருபது வருஷமாக அவள்தான் முழங்கையால் இடித்து அதை மறுபடி ஓட வைக்கிறவள். அறையிலிருந்து மேடைக்கு நாலு படி ஏறி இறங்கினால் பத்து நிமிஷம் அவனுக்குப் பேச்சு வராது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எனக்கு இருந்ததைவிட இரண்டு மடங்கு. கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தது நான்தான். நாங்கள் போன பகுதியில் இருந்த எடை மிஷின் நூற்றைம்பதோடு நின்றுவிடும். அவன் ஏறியதும் கோடு கோடாகக் காட்டி அணைந்துபோனது. பெரிய மிஷின் மேலே வார்டில் இருக்கிறது, சேருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். டாக்டர் தேதி கொடுத்தார். அதற்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம். கல்லீரலில் கொழுப்பு வடிந்தால்தான் கத்தி வைக்க இடம் கிடைக்குமாம்.

அன்று சாயங்காலம் அண்ணன் தன் மேடையில் தானே ஏறி நின்றான். 180 என்று காட்டியது. விளையாட்டாகச் சீட்டு அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாகன எண் என்ற இடத்தில் 'டன்', சரக்கு என்ற இடத்தில் 'ஆள்' என்று இருந்தது. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தாள்.

திரவ ஆகாரத்தை அவன் திட்டிக்கொண்டே குடித்தான், ஆனால் குடித்தான். பாலும் சூப்புமாகப் பன்னிரண்டு நாள். டிரைவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சன்னலுக்கு முன்னால் பிரித்துக் காட்டி வெறுப்பேற்றினார்கள். அவன் அசையவில்லை. இந்த விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்லக் கூடாது. பதின்மூன்றாம் நாள் மறுபடி மேடையில் ஏறினான். 160 என்று காட்டியது.

அதே இடம், அதே எழுத்துகள்: டன், ஆள், 160. இரண்டாவது சீட்டைப் பார்த்ததும் அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அவர்கள் மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், போனில் எனக்குச் சொன்னாள். "அத்தை, அப்பா பன்னெண்டு நாள்ல இருபது கிலோ. இப்படியே போனா எதுக்குக் கத்தின்னு அப்பா கேக்கறாரு. அம்மாவும் யோசிக்கறாங்க."

மறுநாள் காலையில் அண்ணன் என் கடைக்கு வந்தான். கையில் அவனுடைய வேலைக்குப் போடுகிற பேண்ட் ஒன்று. "இடுப்பு லூசாயிடுச்சு குண்டூசி. பிடிச்சுக் கொடு" என்றான். நான் டேப்பை எடுத்தேன். அவனைச் சுற்றி டேப்பைக் கொண்டுவர எப்போதும் நான் அவன் முதுகுப் பக்கம் ஒரு நடை நடந்து வர வேண்டும். நடந்து வந்தேன். முனையை முனையோடு சேர்த்துப் பார்த்தேன்.

அறுபது.

நோட்டைப் புரட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனுக்குப் பேண்ட் தைத்தபோது எழுதியது, அறுபதரை. அரை அங்குலம் குறைந்திருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாலே வருகிற வித்தியாசம். இருபது கிலோ போன உடம்பு எப்படி இருக்கும் என்று என் உடம்பை வைத்து எனக்குத் தெரியும். அவனுக்குப் போனது இரண்டு கிலோவோ மூன்று கிலோவோ. நூற்றெழுபதுக்கு ஒரு பிடி மேலே நின்றிருக்கிறான், மேடை அவனை நூற்றெண்பது என்றது. ஒரு பிடி கீழே இறங்கினான், நூற்றறுபது என்றது. இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் அந்தக் குணத்தை விளக்கிச் சொன்னவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்ததால்தான் சீட்டை நம்ப முடியாமல், காலங்காத்தாலே என் டேப்பைத் தேடிக்கொண்டு வந்திருந்தான்.

"எவ்ளோ?" என்று கேட்டான். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

அன்றைக்கு நான் என்ன சொல்லியிருந்தாலும் அவன் அதைக் கேட்டிருப்பான். அறுபது என்று சொல்லியிருந்தால் முனகிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான், அளந்து சொன்ன எண்ணோடு சண்டை போடத் தெரியாதவன்.

"அம்பத்தஞ்சு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்து வந்தவனின் முகத்தைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்பது ஒன்று. அன்று காலையில்தான் நான் ஒரு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருந்தேன். எங்களில் ஒருவராவது இதிலிருந்து தப்பட்டுமே என்று நினைத்தது இன்னொன்று. இந்த இரண்டையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷம் நாங்கள் ஒரே அச்சு. இப்போது நான் மட்டும் வேறு. தெருவில் என்னை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் ஒரு கேவலமான ஆசை இருந்தது. அதுவும் சேர்ந்துதான் அந்த ஐம்பத்தைந்தைச் சொன்னது.

வாய் பொய் சொன்னது, கை சொல்லவில்லை. நோட்டில் அறுபது என்றுதான் எழுதினேன். தப்பான அளவை எழுதினால் துணி நாசமாகிவிடும். இருபது வருஷத்துப் பழக்கம், கை வளையாது. பேண்ட்டில் அரை அங்குலம் மட்டும் பிடித்து, நன்றாக இஸ்திரி போட்டு அனுப்பினேன். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "அளவெடுத்து வச்ச மாதிரி இருக்குடி" என்றான். கத்தி வேண்டாம் என்று இப்போது அண்ணியும் சொன்னாளாம்; ஆஸ்பத்திரிக்கும் அன்றைக்கே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

ஒரு மாதத்தில் சாப்பாடு பழையபடி ஆயிற்று. அதற்குப் பிறகு அவன் மேடையில் ஏறவில்லை. 160 சீட்டு மட்டும் காலண்டர் ஆணியில் முதல் சீட்டின் மேல் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்தது, நெஞ்சில் இறங்கி மூச்சைப் பிடிக்கிற வைரஸ். கடைகள் பாதி மூடிக் கிடந்தன, லாரிகள் மட்டும் நிற்கவில்லை. மருந்தும் மாவும் போக வேண்டுமே. ஒவ்வொரு டிரைவரும் சீட்டுக்காக அந்தச் சின்ன சன்னலில் தலையை நுழைத்தான். அண்ணன் முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அதைத் தாடையில் தொங்கவிட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். என் தட்டில் நான் வைத்துக்கொண்டது ஒரு கரண்டி. "குருவிக்கு வச்சியா, உனக்கு வச்சியா" என்று கேட்டுவிட்டு இருமினான். புகை பட்ட இருமல் மாதிரி இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நாலு பேருக்கும் காய்ச்சல். எனக்கு நாலு நாள் உடம்பைப் போட்டு அடித்தது. மூக்குக்கு எந்த வாசனையும் தெரியவில்லை, இருமல் மட்டும் மூன்று வாரம் விடவில்லை. அவ்வளவுதான். அண்ணிக்கும் அப்படியே. மகள் கொஞ்சம் கூடுதலாகக் கஷ்டப்பட்டாள், இருந்தாலும் வீட்டிலேயே தேறிவிட்டாள். அண்ணனுக்கு ஆறாம் நாள் உதடு நீலமாகிவிட்டது. தனக்கு ஒன்றும் இல்லை என்று அவன் சொல்லி முடிக்க நாலு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள்; பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள்.

நான் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கடையை மூடிவிட்டு, கட்டிலில் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். முகத்தில் ஆக்சிஜன் மூடி. அது புஸ்ஸென்று இரையும் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"எப்படி இருக்கே குண்டூசி?"

"நல்லா இருக்கேன். காய்ச்சல் விட்டுடுச்சு. நீ பேசாதே, படு."

"இங்க குப்புறப் படுக்கச் சொல்றாங்க. வயிறு விட மாட்டேங்குது." நிறுத்தினான். மூச்சை எங்கேயோ தேடிப் பிடித்தான். "அன்னைக்கு எவ்ளோ சொன்னே?"

எதை என்று நான் கேட்கவில்லை.

"அம்பத்தஞ்சு தானே?" என்றான்.

"அம்பத்தஞ்சுதாண்ணா" என்றேன்.

"சரி" என்றான். அந்தச் சரி நம்பிய சரியா, விட்டுவிட்ட சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் தொண்டையில் குழாய் போட்டார்கள். நுரையீரலுக்குக் காற்றுப் போக அவனைக் குப்புறத் திருப்ப வேண்டும், பிறகு மல்லாத்த வேண்டும், தினமும் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் எட்டுப் பேர். அவனைத் திருப்புவதற்காகப் பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள் என்று ஒரு நர்ஸ் பின்னால் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னாள். பதினோரு நாள் அப்படித் திருப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் திருப்ப வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

அவன் உடம்பை எங்கள் கையில் கொடுக்கவில்லை. தூரத்தில் நின்று ஒரு மூட்டையைப் பார்த்தோம். டிரைவர்கள் ஏழெட்டு லாரிகளை மேடைப் பக்கம் சாலையோரமாக வரிசையாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்களாம். யாரும் சொல்லாமலே எல்லோரும் கீழே இறங்கி நின்றார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோதுதான் நான் அழுதேன். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.

இருமல் விட்டதும் என் பரிசோதனைக்காக ஆபரேஷன் டாக்டரிடம் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவன் அன்னைக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பானா டாக்டர்?"

"ஆபரேஷன் பண்ணி எடை இறங்கினவங்க இந்தக் காய்ச்சலை மத்த கனமான உடம்புக்காரங்களைவிட லேசா கடந்துடறதை நாங்க பாக்கறோம். ஐ.சி.யூ வரைக்கும் போறவங்க கம்மி. ஆனா எல்லாரும் தப்பிச்சாங்கன்னு சொல்ல முடியாது. அஞ்சு மாசத்துல உங்க அண்ணனுக்கு எவ்ளோ இறங்கியிருக்கும், எந்தப் பக்கம் இருந்திருப்பாரு, அதெல்லாம் யாரு சொல்ல முடியும்மா?" என்றார். நல்ல மனுஷர். பொய் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு பொய் வேண்டியிருந்தது.

அண்ணி தேறியது ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான். காலண்டரிலிருந்து அந்த இரண்டு சீட்டையும் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவன் படத்துக்குக் கீழே செருகி வைத்தாள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டினாள். "பாருங்க, இருபது கிலோ குறைச்சிருந்தாரு. கத்தியே இல்லாம. அப்படியும் கொண்டு போயிடுச்சு. அப்போ ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் இதேதானே நடந்திருக்கும்? நான்தான் தடுத்துட்டேன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதுல்ல?" வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதுவாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு அவன் மகள் வேலை பார்க்கிற கடையில் மயங்கி விழுந்தாள். இருபத்து மூன்று வயது, நூற்று இருபத்தொரு கிலோ, சர்க்கரை தலைக்கேறி இருந்தது. டாக்டர்கள் ஆபரேஷன் பேச்சை எடுத்தார்கள். நான் போனபோது தாயும் மகளும் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் நாற்காலி காலியாக இருந்தது.

"வேண்டாம் அத்தை" என்றாள் மகள். "உங்களுக்கு முடியெல்லாம் கொட்டிச்சு. இன்னும் வாந்தி எடுக்கறீங்க. அப்பா இருபது கிலோ குறைச்சாரு, அதனால என்ன ஆச்சு? விதி வந்தா எடையா பாக்குது?"

"அதானே" என்றாள் அண்ணி. கையை நீட்டி அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தடவினாள். "அவரே சாட்சி."

அவள் விரல் 160-இன் மேல் இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தேன். அப்பனுடைய கழுத்து, அதே மடிப்பு. பேசிய நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அளவு நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அண்ணனுடைய பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அறுபதரை, தேதி. அதற்குக் கீழே அறுபது, தேதி. இரண்டாவது தேதியை அண்ணி பார்த்தாள். சீட்டில் இருந்த தேதியையும் பார்த்தாள். அடுத்தடுத்த நாள்.

"என்ன இது?" என்றாள்.

"அண்ணன் இருபது கிலோ குறையல அண்ணி. ரெண்டு மூணு கிலோ குறைஞ்சிருக்கும். மேடை இருபது இருபதாத்தான் காட்டும். அது அவனுக்குத் தெரியும். என்னை அளந்து பாக்கச் சொன்னான். நான் அம்பத்தஞ்சுன்னு பொய் சொன்னேன்."

அண்ணி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு எண்களையும் மறுபடி மறுபடி படித்தாள், எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி.

"நீ உள்ளதைச் சொல்லியிருந்தா போயிருப்பாரா?"

"போயிருப்பான்."

"பொழச்சிருப்பாரா?"

"தெரியாது அண்ணி. டாக்டருக்கே தெரியலையாம்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு சீட்டையும் உருவினாள். நோட்டின் அந்தப் பக்கத்தில் வைத்து மூடினாள். மேசை மேல் என் பக்கமாகத் தள்ளினாள்.

"ரெண்டையும் நீயே வச்சுக்கோ" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஓரம் மாறிவிடுவாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பை ஒடித்தவள் நான்.

பத்து நாள் கழித்து, காலையில் கடை திறந்த நேரம், அண்ணன் மகள் தனியாக வந்தாள். அவளும் என்னை முறைத்துக்கொண்டுதான் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போட்டுப் போகிற சட்டைத் துணியை மேசையில் போட்டாள். அப்பாவைப் போலவே சுவரில் இருந்த நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் டேப்பை எடுத்தேன். அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, முனையை முனையோடு சேர்த்தேன். இரண்டு முறை அளந்தேன்.

"எவ்ளோ?" என்று கேட்டாள்.

"அம்பத்தி ஒண்ணரை" என்றேன்.

அவள் கையை இறக்கவில்லை. "நோட்டைக் காட்டுங்க" என்றாள். எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.